ஒரு வால்வு, ரெண்டு எழுத்து, 232 பார்

ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போன முதல் நாள்லேர்ந்தே எனக்கு ஒரு குடைச்சல். ஒரு சிலிண்டர் வால்வுல 232னு பொறிச்சிருக்கு, பக்கத்துல இருந்ததுல 300. ஏன்னு கேட்டா, "அது இருக்கட்டும் தம்பி, தண்ணிக்குள்ள மூச்சை மட்டும் புடிச்சு வெச்சுக்காதீங்க"ன்னுட்டார் சொல்லிக் கொடுத்தவர். விடுவோமா? நோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

கதை 1942 கடைசியில பாரிஸ்ல ஆரம்பிக்குது. போர்க்காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. எமில் கன்யான்னு ஒரு இஞ்சினியர், கார் எஞ்சினை கேஸ்ல ஓட்ட ஒரு வால்வு செஞ்சிருந்தார். எஞ்சின் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் விடும். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரைத் தேடிப் போய், எஞ்சின் இருக்கற இடத்துல மனுஷ நுரையீரலை வெக்க முடியுமான்னு கேட்டார். 1943ல அக்வாலங் ரெடி.

அடுத்து, கையில எவ்வளவு காத்து மிச்சம்னு எப்படித் தெரியும்? அப்பல்லாம் தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி பிரஷர் மீட்டர் பழக்கத்துல இல்ல. அதனால வந்ததுதான் ஜே வால்வு. உள்ள ஒரு ஸ்பிரிங். சிலிண்டர் 20 பார் கிட்ட இறங்கினதும் மூச்சிழுக்க கஷ்டமாகும். பக்கவாட்டுல ஒரு கம்பி, அதைக் கீழ இழுத்தா மிச்சக் காத்து வரும். நம்ம பைக்குல பெட்ரோல் ரிசர்வுக்குத் திருப்புவோமே, அச்சு அசல் அதேதான். ரிசர்வ் இல்லாத சாதா வால்வு பேரு கே வால்வு. பெரிய சுருக்கப் பேரா இருக்கும்னு தேடினா, அமெரிக்காவுல 1950கள்ல வந்த ஒரு கேட்டலாக்ல படத்துக்குப் பக்கத்துல போட்ட வரிசை எழுத்தாம். அவ்வளவுதான் :-)

இதுல ஒரு வில்லங்கம். பாறையில உரசி அந்தக் கம்பி முன்னாடியே இறங்கிட்டா, ரிசர்வும் சத்தமில்லாம தீர்ந்து போயிருக்கும். மூச்சு முட்டும்போது இழுத்துப் பாத்தா ஒண்ணும் வராது. மீட்டர் பரவலானதும் ஜே வால்வு ஒதுங்கிடுச்சு.

சரி, 232க்கு வருவோம். ரெகுலேட்டரை வால்வு மேல ஒரு வளையம் போட்டுத் திருகி இறுக்கறது பழைய முறை, யோக்னு சொல்றாங்க. நடுவுல ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங். பிரஷர் ஏற ஏற வளையம் லேசா விரியும், ரப்பர் பிதுங்கப் பாக்கும். அதனால ஐரோப்பாவுல அதுக்கு 232 பார்தான் எல்லை. ஜெர்மன்காரங்க டின் முறையில ரெகுலேட்டரையே வால்வுக்குள்ள மரை போட்டு இறக்கிட்டாங்க. 200 பார் வகைக்கு 5 சுத்து, 300 பாருக்கு 7 சுத்து. இங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. 200 பார் ரெகுலேட்டரைத் தப்பா 300 பார் வால்வுல மாட்டினா மரை நீளம் பத்தாது, அடியில இருக்கற சீட்டைத் தொடாது, காத்து புஸ்ஸுன்னு வெளியேறிடும். 300ஐ 200ல மாட்டலாம், ஒண்ணும் ஆகாது. எழுதி ஒட்டற எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச யாரோதான் இதை டிசைன் பண்ணிருக்கணும். நாங்க எழுதற கோடுல இந்த புத்தி வர ரெண்டு ரிலீஸ் ஆகும்.

ரெட்டை சிலிண்டரை இணைக்கற மேனிஃபோல்டு கதை வேற. பஹாமாஸ்ல ஆண்ட்ரோஸ் தீவுப் பக்கம் நீலக் குழிகள்னு தண்ணிக்குள்ள குகைகள். அங்க தலைக்கு மேல பாறை, நினைச்ச மாத்திரத்துல மேல வர முடியாது. அங்க ஆராய்ஞ்ச ஜார்ஜ் பெஞ்சமின் பேரால ரெண்டு வாய் வெச்ச மேனிஃபோல்டு வந்துச்சு. ஒரு ரெகுலேட்டர் மக்கர் பண்ணினா அதை மூடிட்டு, இன்னொண்ணுல ரெண்டு சிலிண்டர் காத்தையும் இழுக்கலாம். ஆனா சிலிண்டர் கழுத்து ஓ-ரிங்கே போச்சுன்னா ரெண்டும் காலி. அதுக்குன்னு அப்புறமா நடுவுல ஒரு மூடி சேத்தாங்க, பாதியாவது தப்பும்.

அந்த மூடியும் ஒரு புது வம்பு கொண்டு வந்துச்சு. அதைத் திறக்க மறந்து காத்து நிரப்பினா ஒரு பக்கம் மட்டும் ரொம்பும். மீட்டர் அந்தப் பக்கம் இருந்தா ஃபுல்னு காட்டும், இன்னொரு சிலிண்டர் காலியாவே கிடக்கும். அதனால குகைக்குள்ள போறவங்க தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி, கையைப் பின்னால வளைச்சு அந்தக் குமிழைத் தொட்டுத் திருப்பிப் பாத்துட்டுத்தான் இறங்கறாங்க.