ஓட்டிசப் பிள்ளைகளுக்கான வகுப்பறை அமைப்பு (யாழ்ப்பாணக் குடாநாடு)

ஓட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள பிள்ளையின் புலனுணர்வுக்கு இசைய வகுப்பறையின் ஓசை, வெளிச்சம், இடப்பிரிப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது இவ்வமைப்பு. ஓட்டிசம் நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலை. வளர்ப்புக் குறையால் வருவதன்று. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று 18–24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் இதைக் கண்டது.

வரலாறு

இலங்கையில் விசேட கல்வி, 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையுடன் வேர்கொண்டது. அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. இத்தகைய தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை 2004இல் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது.

ஓட்டிசத்தை லியோ கானர் 1943இலும், ஹான்ஸ் அஸ்பேர்கர் 1944இலும் தனித்தனியே விவரித்தனர். லோர்னா விங், ஜுடித் கூல்ட் ஆகியோரின் 1979ஆம் ஆண்டு ஆய்வு, அதைப் பல படிநிலைகள் கொண்டதாகக் காணும் பார்வைக்கு வழிதிறந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (2013) மிகையான அல்லது குறைந்த புலனுணர்வையும் அடையாளங்களுள் சேர்த்தது. வகுப்பறை வடிவமைப்பின் அடிப்படை இப்புலனுணர்வு வேறுபாடே.

வடிவமைப்பு

எகிப்தியக் கட்டடக் கலைஞர் மக்டா மொஸ்தஃபா ஏழு நெறிகளை வகுத்தார்: ஒலிக் கட்டுப்பாடு, இட ஒழுங்கு, ஒதுங்குமிடம், பகுதி பிரித்தல், இடைமாற்ற வெளி, புலன்வாரி வலயம், பாதுகாப்பு. இவற்றுள் ஒலியே முதன்மையானது. ஒரே மண்டபத்தைத் தட்டிகளால் மறித்துப் பல வகுப்புகள் நடத்தும் பாடசாலைகளில் அடுத்த வகுப்பின் பாடமும் இரைச்சலாகிவிடும். மண்டபத்தின் ஓரத்து அறை, தடித்த துணித் திரை, தரையில் பாய், கதிரைக் கால்களுக்கு இறப்பர் உறை ஆகியவை குறைந்த செலவில் ஓசையைத் தணிக்கும். அன்றைய வேலைகளைப் படவரிசையாகச் சுவரில் ஒட்டுவதும், பிள்ளை பதறும்போது ஒதுங்க அமைதி மூலை வைப்பதும் இன்றியமையாதவை. அம்மூலை தண்டனைக்குரிய இடமன்று.

இன்றைய நிலை

குடாநாட்டின் சில அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. ஆயினும், மேற்சொன்ன வடிவமைப்பு ஏற்பாடுகளுடன் பொது வகுப்பில் சேர்ந்து கற்பது பல பிள்ளைகளுக்கு நன்மை பயக்கும். இலங்கை 2016இல் உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயமும் உட்படுத்தல் கல்வியையே கோருகிறது.