உலகப் போக்கர் தொடரும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஆயத்தமும்

உலகப் போக்கர் தொடர் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகிறது. இந்த ஏழு வாரங்களில் ஏறத்தாழ 100 போட்டிகள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெல்பவருக்குப் பரிசுப் பணத்தோடு ஒரு தங்கக் கைக்காப்பும் உண்டு. 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட முதன்மைப் போட்டி தொடரின் உச்சம். சீட்டாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இத்தொடருக்குச் செய்யும் ஆயத்தம் 1970 முதல் இன்றுவரை மூன்று முறை அடியோடு மாறியிருக்கிறது. சிலர் மட்டும் அறிந்திருந்த நுணுக்கம் எல்லோருக்கும் தெரியவந்ததும், அதனால் கிடைத்த ஆதாயம் கரைந்துபோனது. பிழைப்பை நடத்த அவர்கள் புதிய நுணுக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. மாற்றம் ஒவ்வொன்றும் இப்படித்தான் நேர்ந்தது.

முதன்மைப் போட்டியின் ஆட்டவகை டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டுகள் தரப்படும். எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் நடுவில் மூன்று கட்டமாகத் திறக்கப்படும். இதற்கிடையே நான்கு சுற்றுப் பந்தயம் நடக்கும். 52 சீட்டுகளில் ஒருவர் கைக்கு வரக்கூடிய இணைகள் 1,326. எதிராளியின் கையில் இருப்பது தெரியாது. ஆனால் அவர் எவ்வளவு கட்டுகிறார், எப்போது கட்டுகிறார், முன்பு எப்படி ஆடினார் என்பவற்றைக் கொண்டு அந்த 1,326 இணைகளைச் சிலவாகக் குறைக்கலாம். அந்த ஊகத்தைக் கூர்மையாக்குவதே எல்லாக் காலத்து ஆயத்தத்துக்கும் அடிப்படை.

சாலையில் கற்ற தொழில்

ஹோல்டெம் 1900களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்து ராப்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்ததாக அம்மாநிலச் சட்டமன்றம் 2007இல் அங்கீகரித்தது. 1950களிலும் 60களிலும் அங்கே பணம் வைத்து ஆடும் கூடங்கள் சட்டவிரோதமானவை. ஊர் விட்டு ஊர் காரில் போய், ஆட்டம் நடக்கும் பின்னறைகளைத் தேடி ஆடியவர்களே அன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள். டாயில் பிரன்சன், ‘அமரில்லோ ஸ்லிம்’ பிரஸ்டன், ‘செய்லர்’ ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் முதலைப் பொதுவில் வைத்துப் பல ஆண்டுகள் கூட்டாகச் சுற்றினர். காவல்துறையின் சோதனை, துப்பாக்கியோடு வரும் கொள்ளையர், குறியிட்ட சீட்டுக்கட்டு ஆகிய மூன்றிலிருந்தும் தப்பிப்பதும் அவர்கள் தொழிலில் ஒரு பகுதி.

எந்தச் சீட்டு எந்தச் சீட்டை எத்தனை தடவை வெல்லும் என்பதைக் கணக்கிடக் கணினி கிடையாது. சீட்டைக் கலைத்து, பிரித்துப் போட்டு, முடிவுகளைக் குறித்துக்கொள்வதே வழி. அப்படிக் கிடைத்த எண்களும், மேசையில் பார்த்த முகங்களைப் பற்றிய நினைவும் அவர்களது மூலதனம். இரண்டும் வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை.

1969இல் நெவாடாவின் ரீனோ நகரில் டாம் மூர் என்ற சூதாட்டக்கூட உரிமையாளர் இந்த டெக்சாஸ் ஆட்டக்காரர்களை ஒரே இடத்தில் கூட்டினார். அதற்குப் போயிருந்த பென்னி பினியன், மறு ஆண்டு லாஸ் வேகஸில் இருந்த தம்முடைய ஹார்ஸ்ஷூ சூதாட்டக்கூடத்தில் அதே போன்ற கூட்டத்தை நடத்தினார். உலகப் போக்கர் தொடர் அங்கே தொடங்கியது. 1970இல் வெற்றியாளர் ஆட்டத்தால் அல்ல, சக ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பால் முடிவானார். தேர்வானவர் ஜானி மாஸ். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளான சிப்புகள் எல்லாவற்றையும் ஒருவர் வெல்லும்வரை ஆடும் முறை 1971இல்தான் வந்தது. அதையும் மாஸே வென்றார். 1972இல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலராயிற்று.

தொடக்க ஆண்டுகளில் போட்டிக்கென்று தனி ஆயத்தம் எதுவுமில்லை. போட்டியைக் காண வரும் பணக்காரர்களோடு பக்கத்து மேசையில் ரொக்கத்துக்கு ஆடுவதே பலருக்கு முக்கிய வரும்படி. ஆனால் போட்டி ஆட்டம் ரொக்க ஆட்டத்திலிருந்து மாறுபட்டது. ரொக்க ஆட்டத்தில் சிப்பு தீர்ந்தால் மீண்டும் வாங்கலாம். முதன்மைப் போட்டியில் தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். கட்டாயப் பந்தயத் தொகையும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். 1978 முதல் பரிசு ஒருவருக்கு மட்டும் என்பது மாறிப் பலருக்குப் பகிரப்பட்டது. அதன் பிறகு எப்போது சிப்பைக் காக்க வேண்டும், எப்போது துணிய வேண்டும் என்பது தனிக் கல்வியாயிற்று.

நூல்கள் திறந்த கதவு

1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதன்மைப் போட்டியை வென்ற பிரன்சன், அடுத்து ‘சூப்பர் சிஸ்டம்’ என்ற பெரிய நூலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பாபி பால்ட்வின், சிப் ரீஸ், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மைக் கேரோ போன்றோர் அவரவர் கைதேர்ந்த ஆட்டவகை பற்றி அதில் எழுதினர். இடைவிடாமல் பந்தயம் கட்டி எதிராளியை நெருக்கும் பிரன்சனின் பாணி அதன் மூலம் எல்லோருக்கும் பாடமானது. எதிராளிகள் தம் முறையையே தமக்கு எதிராகப் பயன்படுத்தியதால், அந்த நூல் தமக்கு நஷ்டத்தையே தந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1984இல் கேரோ, மேசையில் கை நடுக்கம், பார்வை, பெருமூச்சு போன்றவை எதைக் காட்டிக்கொடுக்கும் என்பதைப் புகைப்படங்களோடு தனி நூலாக்கினார். ஸ்க்லான்ஸ்கியின் ‘போக்கர் கோட்பாடு’ நிகழ்தகவை வைத்து முடிவெடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. இந்தத் தலைமுறையில் புத்தகத்தை நம்பாத மேதைகளும் இருந்தனர். நியூயார்க்கில் ஜின் ரம்மி ஆடி வளர்ந்த ஸ்டூ உங்கர், அபார நினைவாற்றலோடு 1980, 1981 ஆண்டுகளில் அடுத்தடுத்து வென்றார். போதைப் பழக்கத்தில் கைப்பொருள் இழந்த அவர், 1997இல் சக ஆட்டக்காரர் பில்லி பாக்ஸ்டர் கட்டிய 10,000 டாலரில் ஆடி மூன்றாம் முறையும் வென்றார். 10 லட்சம் டாலர் பரிசில் பாதி பாக்ஸ்டருக்குப் போனது.

பங்கு வைத்து ஆடும் இந்த ஏற்பாடு தொழிலின் முதுகெலும்பு. ஒருவர் தாம் ஆடப்போகும் போட்டிகளின் பட்டியலைப் போட்டு, மொத்த நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை முதலீட்டாளர்களுக்கு விற்பார். திறமைக்கு ஏற்ப விலையில் சற்று கூடுதலும் கேட்பார். நண்பர்கள் தங்களுக்குள் சில சதவீதம் மாற்றிக்கொள்வதும் உண்டு. யார் வென்றாலும் மற்றவர் செலவு ஓரளவு ஈடாகும். கட்டணத்துக்குப் பணமில்லாதவர்கள் ‘சாட்டிலைட்’ எனப்படும் சிறு போட்டிகளில் வென்று பெரிய போட்டிக்கு இடம்பிடிக்கலாம். அப்படி நுழைந்து முதன்மைப் போட்டியை வென்ற முதல் ஆள் 1983இன் டாம் மெக்எவாய்.

தொழில் என்ற தகுதியைச் சட்டத்தில் பெற்றுத் தந்தவரும் பாக்ஸ்டரே. போக்கர் வரவை உழைக்காமல் வந்த வருமானமாகக் கருதி வரித்துறை 70 சதவீதம் வரை வரி கேட்டது. உழைத்து ஈட்டிய வருமானத்துக்கு உச்சவரம்பு 50 சதவீதம். நெவாடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 1986இல், திறமையும் உழைப்பும் செலுத்தி ஈட்டியதே அந்த வருமானம் என்ற பாக்ஸ்டரின் வாதத்தை ஏற்றது. அன்று முதல் கணக்குப் புத்தகமும் ஆயத்தத்தின் ஓர் அங்கம். 2025இல் நிறைவேறிய வரிச் சட்டம், சூதாட்ட இழப்பில் 90 சதவீதத்தை மட்டுமே 2026 முதல் கழிக்கலாம் என்று வரையறுத்ததால் அந்தக் கணக்கு மேலும் சிக்கலானது.

இணையமும் இளைஞர்களும்

2000ஆம் ஆண்டின் முதன்மைப் போட்டியில் 512 பேர் ஆடினர். வென்ற கிறிஸ் ஃபெர்குசன் கணினி அறிவியலில் முனைவர். இரு தரப்பு மோதலில் எது சிறந்த உத்தி என்று ஆராயும் ஆட்டக் கோட்பாடு என்ற கணிதத் துறையை அவர் போக்கருக்குப் பொருத்தினார். சாலையில் பழகிய தலைமுறையைச் சேர்ந்த டி. ஜே. க்ளூட்டியர் இறுதியில் அவரிடம் தோற்றார்.

பெரிய உடைப்பு 2003இல் நேர்ந்தது. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் சாட்டிலைட் மூலம் இடம்பிடித்து, 839 பேர் ஆடிய போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். ஆட்டக்காரர்களின் மூடிய சீட்டுகளை மேசைக்குள் பதித்த கேமரா தொலைக்காட்சியில் காட்டியதால், பார்வையாளர்கள் பொய்ப் பந்தயங்களைக் கண்கூடாகக் கண்டு கற்றனர். பங்கேற்றோர் எண்ணிக்கை 2004இல் 2,576 ஆகவும், 2006இல் 8,773 ஆகவும் உயர்ந்தது. ஹார்ஸ்ஷூவில் இடம் போதாத இத்தொடர் 2005இல் ரியோ ஹோட்டலுக்கும், 2022இல் லாஸ் வேகஸின் பிரதான வீதிக்கும் குடிபெயர்ந்தது.

சூதாட்டக்கூடத்தில் மணிக்கு முப்பது ஆட்டம் போனால் பெரிது. இணையத்தில் பல மேசைகளைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கு நூற்றுக்கணக்கில் ஆடலாம். பிரன்சன் பல ஆண்டுகளில் கண்ட ஆட்டங்களை ஓர் இளைஞர் சில மாதங்களில் கண்டுவிட முடிந்தது. ஒவ்வோர் ஆட்டத்தையும் சேமித்து வைத்து, எதிராளி எத்தனை சதவீதம் பந்தயத்தை உயர்த்துகிறார், எத்தனை முறை சீட்டைப் போட்டுவிடுகிறார் என்று காட்டும் மென்பொருள்கள் வந்தன. 1995இன் வெற்றியாளர் டான் ஹாரிங்டன் 2004 முதல் எழுதிய நூல்கள், கையிருப்பு எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்பதை வைத்து முடிவெடுக்கக் கற்றுக்கொடுத்தன. 2008இல் 22 வயது பீட்டர் ஈஸ்ட்கேட்டும், 2009இல் 21 வயது ஜோ காடாவும் வென்றது இந்தப் பயிற்சியின் விளைவு. 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு முக்கிய போக்கர் இணையத்தளங்கள் மீது வழக்குத் தொடுத்து முடக்கியபோது, அந்நாட்டு ஆட்டக்காரர் பலர் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் குடிபெயர்ந்து பயிற்சியைத் தொடர்ந்தனர்.

கணினி சொன்ன விடை

போக்கரைக் கணிதத்தால் தீர்க்கலாம் என்ற எண்ணம் பழையது. ஜான் வான் நியூமன் 1928இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டுக் கட்டுரையின் பின்னணியிலேயே பொய்ப் பந்தயம் பற்றிய சிந்தனை உண்டு. அதை நடைமுறைக்குக் கொண்டுவர எண்பது ஆண்டு பிடித்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட முறையில், கணினி தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடி, வேறு விதமாக ஆடியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொரு முடிவையும் திருத்திக்கொள்ளும். 2015இல் அவர்கள், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள இருவர் ஹோல்டெமுக்கு ஏறக்குறைய முழு விடை கண்டதாக அறிவித்தனர். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், வரம்பற்ற ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தெளிவாகத் தோற்கடித்தது.

இதே தத்துவத்தில் இயங்கும் ‘சால்வர்’ மென்பொருள்கள் 2015 வாக்கில் விற்பனைக்கு வந்தன. இருவர் கையில் இருக்கக்கூடிய சீட்டு இணைகளையும், பந்தய அளவுகளையும் கொடுத்தால், யாரும் மாற்றி ஆடி ஆதாயம் பெற முடியாத சமநிலையை அவை கணக்கிடும். எந்த இணையில் எத்தனை சதவீதம் பந்தயம் கட்ட வேண்டும், எத்தனை சதவீதம் சும்மா இருக்க வேண்டும் என்று திரையில் வண்ணக் கட்டங்களாக விடை வரும். தொடருக்கு முந்தைய மாதங்களில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தக் கட்டங்களை மனப்பாடம் செய்கின்றனர். இறுதி மேசையில் பரிசுத் தொகை படிப்படியாக உயரும்போது சிப்பின் மதிப்பு எப்படி மாறும் என்ற கணக்கையும் பயில்கின்றனர்.

மேசையில் இந்த உதவிக்கு இடமில்லை. 2024இன் முதன்மைப் போட்டியை ஜானதன் டமாயோ வென்றபோது, அவருடைய நண்பர்கள் பார்வையாளர் பகுதியில் மடிக்கணினி வைத்திருந்தது பெரும் விவாதமாயிற்று. அதன் பிறகு மின்னணுக் கருவிகள் பற்றிய விதிகள் கடுமையாயின.

கணக்கில் எல்லோரும் சமமாகி வந்ததால் உடலும் மனமும் கவனத்துக்கு வந்தன. முதன்மைப் போட்டியில் ஒரு நாளில் இரண்டு மணி நேரக் கட்டங்கள் ஐந்து வரை ஆட வேண்டியிருக்கும். வெற்றிவரை அது இரண்டு வாரம் நீளும். ஆகவே வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குதல், வீட்டுச் சாப்பாடு, உறக்க ஒழுங்கு, உடற்பயிற்சி ஆகியவை திட்டத்தில் சேர்ந்தன. கோல்ஃப் வீரர்களுக்குப் பயிற்சியளித்த உளவியலாளர் ஜாரெட் டெண்ட்லர் 2011இல் வெளியிட்ட நூல், தோல்வியின் கோபத்தில் தாறுமாறாக ஆடுவதைத் தவிர்க்கும் வழிகளைச் சொன்னது. சால்வர்கள் இன்னும் முழுமையாக எட்டாத பலவகை ஆட்டங்களைக் கற்பதும் ஒரு வழி. 50,000 டாலர் கட்டணத்தில் பல ஆட்டவகைகளைக் கலந்து நடக்கும் போட்டியை மைக்கேல் மிஸ்ராக்கி 2025இல் நான்காம் முறை வென்றார். அதே கோடையில் 9,735 பேர் ஆடிய முதன்மைப் போட்டியையும் வென்றார்.

அது அரிய நிகழ்ச்சி. முதன்மைப் போட்டியைத் தொடர்ந்து இரண்டு ஆண்டு வென்ற கடைசி ஆள் 1988இன் ஜானி சான். உங்கரின் 1997 வெற்றிக்குப் பின் அதை இரண்டாம் முறை வென்றவர் எவருமில்லை. பத்தாயிரம் பேர் ஆடும் இடத்தில் எந்த ஆயத்தமும் ஒரு போட்டியின் முடிவுக்கு உறுதி தராது. ஆதலால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு பரிசை நம்பி வருவதில்லை. ஏழு வாரமும் தாங்கும் கைமுதலோடு வருகிறார்கள். தொடரின் லாப நஷ்டத்தையும் பல ஆண்டுகளின் கூட்டுத்தொகையில் வைத்தே மதிப்பிடுகிறார்கள்.