கடல்மேல் ஆறடி

திருக்கோகர்ணத்திற்குச் செல்வோர் அங்குள்ள குடைவரைக் கோயிலையும், 1910-இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகத்தையும் கண்டு திரும்புவது வழக்கம். நாம் அண்மையில் சென்றபோது மூன்றாவதாக ஒரு பொருளையும் கண்டோம். நண்பர் ஒருவரின் இல்லத்துப் பரணில், தகரப் பெட்டி ஒன்றின்மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்த பழைய கோரைப் பாய் அது. தூசி தட்டி அதனை விரித்த அவ்வீட்டுப் பெரியவர், "தம்பி, இது எங்க அத்தாவோட பாய். ராஜுலா கப்பல்ல இதை விரிச்ச இடந்தான், பினாங்குக் கரை தெரியிற வரைக்கும் அவருக்கு வீடு" என்றார்.

ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அந்தப் பாய் நம்மைச் சிந்திக்கச் செய்தது. நம் மக்கள் கடல் கடந்து வாணிபம் செய்தது பற்றி எத்தனையோ எழுதப்பட்டுள்ளன. ஏற்றிச் சென்ற சரக்குகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். இறங்கிய துறைமுகங்களின் பெயர்களும் தெரியும். ஆனால் அந்தக் கப்பல்களில் அவர்கள் எங்கே படுத்து உறங்கினார்கள் என்ற எளிய கேள்வியை நாம் கேட்பதே இல்லை. கேட்டுப் பார்த்தால், அதற்குள் ஒரு நீண்ட வரலாறே அடங்கியிருக்கக் காண்கிறோம்.

கோழிக்கோட்டில் ஓர் அறை

நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் சுவை மிக்கது உலகப் பயணி இப்னு பதூதா விட்டுச் சென்ற குறிப்பாகும். 1340-களின் தொடக்கத்தில், தில்லி சுல்தானின் தூதராகச் சீனம் செல்லும் பொருட்டு அவர் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் நின்ற சீனப் பெருங்கப்பல்கள் நான்கு தளங்கள் கொண்டவை. வணிகர்களுக்கென அவற்றில் தனி அறைகள் இருந்தன. அறையோடு சேர்ந்து கழிப்பிடமும் உண்டு. கதவைப் பூட்டிக் கொள்ளவும் இயலும். மாலுமிகள் தம் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு, மரத் தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிட்டனராம். இன்று கேரளத்துக் காயல்களிலும் காசுமீரத்து ஏரிகளிலும் நாம் வியந்து பார்க்கும் படகு வீடுகளுக்கு மூத்த உறவு என்றே இக்கப்பல்களைச் சொல்லலாம்.

ஆனால் தூதராக வந்தவருக்கே விரும்பிய அறை கிடைக்கவில்லை! நல்ல அறைகளையெல்லாம் சீன வணிகர்கள் போகவும் வரவும் முன்னதாகவே வாடகைக்குப் பிடித்துவிட்டனர். கப்பலின் முகவர் கழிப்பிடம் இல்லாத சிறிய அறை ஒன்றையே தர முடிந்தது. அது வசதிப்படாமையால் அவர் தம் உடைமைகளையும் உடன் வந்தோரையும் சிறியதொரு கப்பலுக்கு மாற்றினார். தாம் மட்டும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். பின்னர் எழுந்த புயலில் அந்தப் பெருங்கப்பல் உடைந்து போயிற்று. அதில் இருந்தோர் பலர் மாண்டனர். சிறிய கப்பலோ அவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் பாய் விரித்துச் சென்றுவிட்டது. இடநெருக்கடி பற்றிய ஒரு சிறு மனக்குறை ஒரு மனிதரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியதை இங்கே காண்கிறோம்.

பாயின் பெருமை

அறை என்பது செல்வருக்கு உரியது. ஏனையோர்க்குப் பாயே படுக்கை. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், அம்மாபட்டினம் என இன்றைய புதுக்கோட்டை மாவட்டக் கரையிலிருந்து கடல் தொழிலுக்கும் வாணிபத்திற்கும் புறப்பட்டோர் பாயைச் சுருட்டித் தோளில் இட்டே சென்றனர். இடத்தை மிச்சப்படுத்தும் படுக்கை எது என்று இன்று பொறியியலார் ஆராய்கின்றனர். சுவரோடு மடியும் பலகை, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அடுக்குக் கட்டில், இருக்கையே இரவில் படுக்கையாக விரியும் ஏற்பாடு என்று பலவற்றைக் காட்டுகின்றனர். அவை அனைத்தும் தேடும் பயனைக் கோரைப் பாய் எப்போதோ தந்துவிட்டது. இரவில் படுக்கை, பகலில் உணவு உண்ணும் விரிப்பு, தொழுகை நேரத்தில் முசல்லா, வேண்டாதபோது கைக்குள் அடங்கும் ஒரு சுருள். பத்தமடையில் நம் லெப்பை சமூகத்து நெசவாளர் நெய்யும் மென்பாயின் புகழை யாவரும் அறிவர்.

ஆயினும் பாய்க்கு ஒரு குறை உண்டு. அதனை விரிப்பதற்கு இடம் வேண்டும். அந்த இடம் தனக்கு உரியது என்று சொல்வதற்கு உரிமையும் வேண்டும்.

சதுர அடிக் கணக்கு

நீராவிக் கப்பல்கள் வந்த பின் இந்த உரிமை பெருங்கேள்வியாயிற்று. 1880-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு 'ஜித்தா' என்ற கப்பல் புறப்பட்டது. ஆண், பெண், குழந்தைகள் என ஆயிரத்துக்குச் சற்றே குறைவானவர்கள் அதில் இருந்தனர். நடுக்கடலில் கப்பலுக்குள் நீர் புகுந்தது. தலைவனும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டு, ஆகஸ்ட் 8-ஆம் நாள் படகில் ஏறித் தப்பினர். ஏதன் துறைமுகம் சேர்ந்து, கப்பல் மூழ்கிவிட்டதென்றும் அறிவித்தனர். ஆனால் அடுத்து வந்த 'ஆன்டினார்' என்னும் கப்பல் ஜித்தாவைக் கட்டி இழுத்துக்கொண்டு பயணிகளோடு ஏதனுக்குள் நுழைந்தது! ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' புதினத்திற்கு வித்தானது இந்நிகழ்ச்சியே. தளத்தில் படுத்து வரும் ஏழைப் பயணியின் உயிர் எவ்வளவு மலிவாக எண்ணப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறகு சட்டங்கள் வந்தன. இந்திய அரசு 1895-இல் ஹஜ் பயணிகளின் கப்பல்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1926-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடல்நல ஒப்பந்தம், இத்தகைய கப்பல்களில் வயது வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் 1.5 சதுர மீட்டர், அதாவது 16 சதுர அடி இடமும், தளத்திற்கும் தளத்திற்கும் இடையே 1.80 மீட்டர் உயரமும் இருத்தல் வேண்டும் என்றது. ஆறடி நீளத்தில் படுத்தால் அகலம் இரண்டடி எட்டங்குலம்! பெட்டியும், தண்ணீர்க் குடமும், ஊருக்குக் கொண்டுபோகும் பொருளும் இதற்குள் அடங்க வேண்டும். ஆனாலும், கைக்குழந்தைக்கும் ஓர் இடம் உண்டு என்று எழுதப்பட்டதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. படுக்கை ஒதுக்கப்படாத பயணிகளின் கப்பல்களுக்கென 1931-இல் 'சிம்லா விதிகள்' தோன்றின. 1971, 1973-ஆம் ஆண்டுகளின் பன்னாட்டு ஒப்பந்தங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

ராஜுலாவும் சிதம்பரமும்

1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ராஜுலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் மக்களை அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகச் சுமந்தது. தொடக்கத்தில் அது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அதன் உடன்பிறப்பான 'ரோஹ்னா' இரண்டாம் உலகப் போரில் படைவீரரை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26-இல் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ராஜுலா தப்பியது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு மாறி, 'ரங்கத்' எனப் பெயர் பெற்று, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது.

அதன் இடத்திற்கு வந்தது 'சிதம்பரம்'. பிரான்சில் கட்டப்பட்ட 'பாஸ்தர்' என்னும் கப்பலை வாங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுக்கத் தக்கவாறு அடுக்குக் கட்டில்களை அமைத்தனர். 'பங்க்' என்று நம்மவர் சொல்லிப் பழகிய அந்தப் படுக்கைதான் பெரிய மாற்றம். ஒருவர் படுக்கும் தரையின்மேல் இருவர் படுக்கலாம். எண் இட்ட இடம் என்பதால் சண்டை இல்லை. ஈரத் தரையும் இல்லை. பாய் விரித்துப் பழகிய பெரியவர்கள், மேல் கட்டிலில் ஏற இயலாமல் இளைஞர்களிடம் இடம் மாற்றிக் கொள்வார்களாம். 1985 பிப்ரவரி 12-இல் சிங்கப்பூரிலிருந்து சென்னை திரும்பும் வழியில் அக்கப்பல் தீப்பற்றியது, பலர் உயிரிழந்தனர். அத்துடன் மலாயாக் கடற்பயணத்தின் காலமும் முடிந்தது. பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்லும் கப்பல்களும் 1995-உடன் நின்றன.

இன்றைய அளவுகோல்

2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், கப்பலில் பணிபுரிவோரின் படுக்கைக்கு அளவு வகுத்துள்ளது. நீளம் 198 சென்டிமீட்டர். அகலம் 80 சென்டிமீட்டர். இரண்டு அடுக்குக்கு மேல் கூடாது. கீழ்க் கட்டில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 1.584 சதுர மீட்டர் வருகிறது. அன்று ஒரு ஹாஜிக்குப் பெட்டி படுக்கையோடு சேர்த்து அளந்து கொடுத்த முழு இடத்தை விட, இன்று ஒரு மாலுமியின் கட்டில் மட்டுமே சற்றுப் பெரிது! மனிதனுக்கு உரிய இடம் தானாக வளர்ந்து விடவில்லை. கேட்டவர்கள் இருந்தமையால் வளர்ந்தது.

இன்று நம் பிள்ளைகள் சில மணி நேரத்தில் வானூர்தியில் போய் இறங்குகின்றனர். ஆனால் இறங்கிய பின் வளைகுடா நாடுகளின் தொழிலாளர் விடுதிகளில் அவர்களுக்குக் காத்திருப்பதும் அதே அடுக்குக் கட்டில்தான். அங்கே எத்தனை அடுக்கு, ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று நாம் தொலைபேசியில் கேட்கிறோமா? சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்று விடுகிறோம் அல்லவா?

திருக்கோகர்ணத்துப் பெரியவர் பாயை மறுபடியும் சுருட்டினார். "இதை வித்துடலாமேன்னு பேரப்பிள்ளைங்க சொல்றாங்க" என்றார். "விற்க வேண்டாம் பெரியத்தா" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே அதனைப் பழையபடி தகரப் பெட்டியின்மேல் ஏற்றி வைத்தார்.