மைப்பேனைக்கு ஏற்ற தாள்: குறைந்த செலவில் தெரிவு செய்வது எப்படி?

ஓகஸ்ட் மாதம் பிறந்தால் பிரான்சில் வாழும் எங்கள் வீடுகளில் பாடசாலைப் பொருட்களின் பட்டியல் மேசைக்கு வந்துவிடும். மைப்பேனையும் கோடிட்ட கொப்பிகளும் அதில் பெரும்பாலும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மலிவுக் கடை ஒன்றில் பத்துக் கொப்பிகள் கொண்ட கட்டு ஒன்றை வாங்கினோம். கணக்கெழுதிப் பிழைப்பவர்கள் அல்லவா, மிச்சம் பிடித்த சில யூரோக்களை நினைத்து மகிழ்ச்சிதான். ஒரு மாதம் போகுமுன் மகளின் கொப்பியில் 'கவனமில்லை' என்று ஆசிரியரின் குறிப்பு வந்தது. நாங்களும் பிள்ளையைத்தான் ஏசினோம். பிறகு அவளது முந்தைய ஆண்டுக் கொப்பியில் அதே பேனையால் எழுதிப் பார்த்தபோது எழுத்து முத்துமுத்தாக நின்றது. பிழை பிள்ளையின் கையிலும் இல்லை, பேனையிலும் இல்லை. நாங்கள் வாங்கிய தாளில் இருந்தது.

குமிழ்முனைப் பேனையில் இருப்பது எண்ணெய் கலந்த களிபோன்ற மை. அது எந்தத் தாளிலும் ஒட்டிக்கொள்ளும். மைப்பேனையின் மையில் பெரும்பகுதி தண்ணீர். தாள் என்பது மரநார்களின் பின்னல்; தண்ணீரைக் கண்டால் உறிஞ்சுவது அதன் இயல்பு. அந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்தவே ஆலைகளில் தாளுக்குப் பசையூட்டுகிறார்கள். முன்னாளில் ஜெலற்றின், மரப்பிசின் ஆகியவற்றைப் பயன்படுத்தினார்கள். இன்று மாப்பொருளும் செயற்கைப் பசைகளும் பயன்படுகின்றன. இந்தப் பசையூட்டல் குறைந்த தாளில் மூன்று குறைகளைக் காணலாம்.

முதலாவது, மை பரவுதல்: எழுத்தின் விளிம்பில் வேர்விட்டதுபோல் சிறு இழைகள் ஓடும். இரண்டாவது, மை ஊறுதல்: மை தாளைத் துளைத்து மறுபக்கத்தில் புள்ளி புள்ளியாக வரும். மூன்றாவது, நிழல் தெரிதல்: மை ஊறாவிட்டாலும் தாள் மெல்லியதாக இருப்பதால் எழுத்து மறுபக்கம் மங்கலாகத் தெரியும். முதல் இரண்டும் எழுத்தைக் கெடுப்பவை. மூன்றாவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கொப்பியின் அட்டையில் 70, 80, 90 என்று ஓர் எண் இருக்கும். அது ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிறாம் கணக்கில். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர். ஆகவே 80 கிறாம் தாளில் ஓர் ஏ4 தாள் 5 கிறாம் நிறுக்கும். எடை கூடினால் நிழல் தெரிவது குறையும். ஆனால் எடை மட்டும் தரத்தைச் சொல்லாது. யப்பானின் தோமோயே ரிவர் என்ற தாள் 52 கிறாம்தான். மைப்பேனைக்கு உலகெங்கும் பெயர்பெற்றது. தடித்த தாளும் பசையூட்டல் போதாவிட்டால் மையைக் குடித்துவிடும்.

பிரான்சில் வாழும் எங்களுக்கு இந்த விடயத்தில் ஒரு வசதி உண்டு. இங்கே குமிழ்முனைப் பேனைக்குப் பாடசாலைகளில் அனுமதி கிடைத்ததே 1965இல்தான். அதனால் நல்ல தாள் இங்கு ஆடம்பரப் பொருள் அல்ல, பாடசாலைப் பொருள். வோஜ் மாவட்டத்தில் 1858இல் தொடங்கிய கிளேர்ஃபொந்தேன் ஆலையின் 90 கிறாம் கொப்பிகள் சாதாரண சுப்பர்மார்க்கற்றிலேயே கிடைக்கும். அதே குழுமத்தைச் சேர்ந்த ரோடியாவின் 80 கிறாம் எழுதுதாள் கட்டுகளும், ஒக்ஸ்ஃபோர்ட் பெயரில் வரும் 90 கிறாம் கொப்பிகளும் நம்பி வாங்கத்தக்கவை. வேறு நாடுகளில் இவற்றுக்கு இறக்குமதிப் பொருளின் விலை இருக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 96 பக்கக் கொப்பி ஒன்று 1 யூரோ, இன்னொன்று 1.60 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மலிவான கொப்பியில் மை ஊறினால் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்தான் எழுதலாம். 96 பக்கம் 48 ஆகிவிடும். ஒரு பக்கத்தின் செலவு 2 சதத்துக்கும் மேல். நல்ல கொப்பியில் இரு பக்கமும் எழுதினால் 1.7 சதம். நாங்கள் வணிகவியல் படித்த காலத்தில் அலகுச் செலவு என்று கற்றது இதைத்தான். கொப்பியின் விலையைப் பார்க்கக் கூடாது, எழுதக்கூடிய பக்கத்தின் விலையைப் பார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்க வேறு வழிகளும் உள்ளன. ஓகஸ்ட், செப்டெம்பர் தள்ளுபடிக் காலத்தில் முழு ஆண்டுக்கும் வாங்கலாம். கொப்பிக்குப் பதில் 90 கிறாம் துளையிட்ட தனித்தாள்களை வாங்கிக் கோவையில் சேர்க்கலாம். அட்டைக்கும் தையலுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. அச்சுப்பொறித் தாள் வாங்குவதானால் 80 கிறாமை விட்டு 90 அல்லது 100 கிறாமில், மேற்பரப்பு வழுவழுப்பாக உள்ளதைத் தெரியலாம். மீள்சுழற்சித் தாள் பெரும்பாலும் கூடுதலாக உறிஞ்சும்.

எதையும் மொத்தமாக வாங்குமுன் ஒன்று வாங்கிச் சோதிப்பது நல்லது. பிள்ளை பாவிக்கும் அதே பேனையால், அதே மையால் ஒரு வரி எழுதுங்கள். ஓரிடத்தில் முனையை ஐந்து விநாடி ஊன்றி வையுங்கள். விளிம்பைப் பாருங்கள், பிறகு தாளைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே மோசமான தாள் இருந்தால் மெல்லிய முனையுள்ள பேனை குறையை ஓரளவு மறைக்கும். நல்ல தாளில் மை மெதுவாகத்தான் காயும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு ஒற்றுத்தாள் ஒன்று கட்டாயம் தேவை. தாளை ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் குடித்த தாளில் மை பரவும்.

தமிழ் எழுதுவோருக்கு இது இன்னும் முக்கியம். மை பரவும் தாளில் 'ண'வின் சுழிகள் அடைபட்டு 'ன'வோடு மயங்கும். மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிவிடும். 1892இல் பொந்துவாஸ் நகரப் புத்தகக் கடைக்காரர் செயெஸ் பதிவுசெய்த கோடுதான் இன்றும் பிரெஞ்சுக் கொப்பிகளில் உள்ளது: 8 மில்லிமீற்றர் சதுரம், உள்ளே 2 மில்லிமீற்றருக்கு ஒரு மெல்லிய கோடு. எழுத்தின் உடலை இரண்டு இடைவெளிக்குள் எழுதி, விசிறிக்கும் புள்ளிக்கும் மேலே ஒன்று, உகரக் காலுக்குக் கீழே ஒன்று விட்டால் தமிழும் அதில் அழகாக அமரும்.

பெற்றோர் சொல்லும் ஊர்க்கதை, காணி எல்லை, உறவுமுறை போன்றவற்றை எழுதி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடசாலை நீலமை தண்ணீரில் கரையும், வெளிச்சத்தில் வெளிறும். அழிப்பான் பட்டால் மறைந்துவிடும். நிலைத்து நிற்க வேண்டியதை நீர்புகா மையால், ஐ.எஸ்.ஓ. 9706 தரமுள்ள தாளில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த மலிவுக் கட்டில் மிஞ்சிய கொப்பிகளை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வீணாக்கக் கூடாது என்று தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பினோம். பிரெஞ்சுக்கு நல்ல கொப்பி, தமிழுக்கு மிஞ்சிய கொப்பி. எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் இருப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். மகள் கேட்ட பிறகுதான் மாற்றினோம். இந்த ஆண்டுப் பட்டியலைப் போடும்போது தமிழுக்கும் ஒரு நல்ல கொப்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.