டி செல் சைட்டோகைன்கள்

டி செல் சைட்டோகைன்கள் என்பவை டி வகை வெள்ளணுக்கள் சுரக்கும் சிறு புரதங்கள். இவை பிற செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் இணைந்து, அவற்றைப் பெருகச் செய்கின்றன, கிருமியைக் கொல்லத் தூண்டுகின்றன, அல்லது அடக்கி வைக்கின்றன.

தொடக்கம்

மேக்ரோபேஜ் என்னும் விழுங்குசெல், டி செல்களை உள்ளடக்கிய லிம்போசைட்டுகளின் துணையால்தான் கிருமிகளைக் கொல்லும் முழுத் திறனைப் பெறுகிறது என்பதை ஜார்ஜ் மெக்கானஸ் 1960களில் சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் உணர்த்தின. அந்தத் துணை எவ்வாறு கிடைக்கிறது என்பதற்கு 1966இல் விடை கிடைத்தது. தூண்டப்பட்ட லிம்போசைட்டுகள் வளர்ந்த நீர்மம் மட்டுமே மேக்ரோபேஜ்களின் நகர்வைத் தடுத்துவிடுவதை ஜான் டேவிட் கண்டார். பாரி புளூம், பாய்ஸ் பென்னட் இருவரும் தனியே அதையே கண்டனர். செல்லுக்குச் செல் செய்தி கொண்டுசெல்வது கரையும் பொருளே என்பது இதனால் தெளிவானது. இத்தகைய பொருள்களுக்கு 1969இல் லிம்போகைன் என்றும், 1974இல் விரிந்த பொருளில் சைட்டோகைன் என்றும் பெயர் வந்தது.

மூலக்கூறுகள்

விளைவைக் கொண்டே பெயரிட்டு வந்ததால் ஒரே புரதம் பல பெயர்களில் உலவியது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் கூடிய ஆய்வாளர்கள் இன்டர்லூக்கின் என்ற பெயர்முறையை வகுத்தனர். ராபர்ட் கேலோவின் ஆய்வகம் 1976இல் அறிவித்த டி செல் வளர்ச்சிக் காரணி இன்டர்லூக்கின்-2 ஆனது. அதன் மரபணு வரிசையை 1983இல் டானிகுச்சி குழு வெளியிட்டது. மேக்ரோபேஜ்களை முடுக்கும் முதன்மைப் பொருள் இன்டர்ஃபெரான் காமா என்பதை கார்ல் நேதன் குழு அதே ஆண்டில் நிறுவியது.

இரு பிரிவுகள்

சுண்டெலியின் உதவி டி செல்களில் இரு பிரிவுகள் இருப்பதை 1986இல் மாஸ்மன், காஃப்மன் குழுவினர் அறிவித்தனர். முதல் பிரிவு இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து மேக்ரோபேஜ்களை முடுக்குகிறது. இரண்டாம் பிரிவின் இன்டர்லூக்கின்-4, பி செல்களை ஒவ்வாமைக்குரிய ஐஜி-ஈ எதிர்ப்பொருளை உண்டாக்கச் செய்கிறது; இன்டர்லூக்கின்-5 ஈசினோபில்களைப் பெருக்குகிறது. ஒரு பிரிவின் சுரப்பு மற்றதன் வளர்ச்சியைத் தடுக்கிறது.

இதன் பொருளைத் தொழுநோய் தெளிவாக்கியது. கிருமிகள் குறைந்து காணப்படும் வகைப் புண்களில் முதல் பிரிவின் சைட்டோகைன்களும், கிருமிகள் மலிந்த வகையில் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-10 ஆகியவையும் மிகுந்திருப்பதை 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமி ஒன்றே; நோயின் போக்கு சுரப்புக்கேற்ப மாறுகிறது.

நியூட்ரோபில்களை வரவழைக்கும் இன்டர்லூக்கின்-17ஐச் சுரக்கும் மற்றொரு பிரிவு 2005இல் வரையறுக்கப்பட்டது. பிற செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை 1995இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சாகாகுச்சி, 2025இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிரிவுகளிடையே உறுதியான எல்லை இல்லை, ஒரு செல் தன் சுரப்பை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதே இன்றைய கருத்து.

மருத்துவப் பயன்

பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு இன்டர்லூக்கின்-2ஐ 1992இல் அமெரிக்கா அனுமதித்தது. இன்டர்லூக்கின்-4இன் ஏற்பியைத் தடுக்கும் டூபிலுமாப், கரப்பான் நோய்க்கு 2017இல் அனுமதி பெற்றது. காசநோய்க் கிருமியின் மறைந்த தொற்றைக் கண்டறிய, குருதியில் டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவை அளக்கின்றனர்.

அப்புரதத்தின் ஏற்பி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகளுக்கு, பி.சி.ஜி. தடுப்பூசியிலுள்ள வலுவிழந்த கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம் என 1996இல் அறியப்பட்டது. மேக்ரோபேஜ்கள் இருந்தும், டி செல்லின் செய்தி அவற்றை எட்டாவிட்டால் உடலுக்குப் போதிய காப்பில்லை.