சதுரங்கப்பட்டினம்: டச்சுக் கோட்டையும் பக்கிங்காம் கால்வாயும்

சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்பாக்கத்தை அடுத்துள்ள கடற்கரை ஊராகும். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம், மாமல்லபுரம் வழியாக ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

17-ஆம் நூற்றாண்டில் இங்கு வணிகம் செய்த டச்சுக்காரர்கள், சுற்றுவட்டார நெசவாளர்களின் மெல்லிய பருத்தித் துணிகளைக் கப்பலேற்றினர். அவர்கள் கட்டிய செங்கல் கோட்டைக்குள் கிடங்குகளும், டச்சு மொழியில் எழுத்துப் பொறித்த கல்லறைகளும் உள்ளன. 1781-இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1818-இல் டச்சுக்காரரிடம் திரும்பிய ஊர், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825-இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஊருக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயையும் டச்சுக்காரரே வெட்டினர் என மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய இக்கால்வாய், ஆங்கிலேயர் ஆட்சியில் படிப்படியாகத் தெற்கே மரக்காணம் வரை நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78-இல், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் நிவாரணக் கூலிக்கு வந்த பஞ்ச மக்கள். கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது.

கோட்டையில் புதைக்கப்பட்ட டச்சுக்காரர்களின் பெயர்களை இன்றும் கல்லில் படிக்கலாம். கால்வாய் வெட்டிய நம்மவர்களுக்கு அப்படியொரு கல் இல்லை. அங்குச் செல்லும் மாணவர்கள் இரண்டையும் பார்த்து வர வேண்டும்.