வான்ஸ் சிற்றாலயத்தின் ஜீவ விருட்சச் சாளரம்

பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கே, மத்தியதரைக் கடலுக்கு அணித்தான வான்ஸ் என்னும் மலைச்சாரல் நகரில், தோமினிக் சபைக் கன்னிகாஸ்திரீகளுக்காக எழுப்பப்பெற்ற ஜெபமாலை மாதா சிற்றாலயத்தில், பலிபீடத்தின் பின்புறம் ஒளிரும் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஜீவ விருட்சம் எனப்படும். இதனைச் சிருஷ்டித்த ஆன்றி மத்தீஸ் (1869–1954), வர்ணப் பிரயோகத்தில் தம் காலத்து ஐரோப்பிய ஓவியருள் தலைசிறந்தவர்.

1941-இல் லியோன் நகரில் புற்றுநோய்க்காகக் கடுமையான சஸ்திர சிகிச்சைக்கு உட்பட்டு உயிர் பிழைத்த மத்தீஸ், அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலும் நாற்காலியிலுமாகவே வாழ வேண்டியவரானார். மறு ஆண்டு நீஸ் நகரில் அவருக்குப் பணிவிடை செய்ய வந்த மோனிக் பூர்ஷ்வா என்னும் இளம் தாதி, அவருடைய சித்திரங்கள் சிலவற்றுக்கு மாதிரியாகவும் அமர்ந்தார். பின்னர் துறவு பூண்டு, சகோதரி ழாக் மாரி என்னும் நாமத்துடன், மத்தீஸ் அக்காலத்தில் குடியிருந்த வான்ஸ் நகரத்துக்கே வந்து சேர்ந்தார். மடத்துக்குத் தகுந்த ஆலயம் இல்லாத குறையை உணர்ந்திருந்த அச்சகோதரி, 1947-இல் சாளரம் ஒன்றுக்கெனத் தாம் தீட்டிய சிறு நீர்வண்ணப் படத்தை முதிய ஓவியரிடம் காட்டியதே இத்திருப்பணிக்கு வித்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மத்தீஸைச் சந்தித்த இளந்துறவி ரெசிகியே கட்டட அமைப்பில் உடனுழைத்தார். நவீன கலைஞரைத் திருச்சபைக்கு அழைத்துவர அரும்பாடுபட்ட கூத்தூரியே சுவாமியார் துணைநின்றார். கட்டடக்கலை நிபுணர் பெரேயும் ஆலோசனை வழங்கினார். 1949 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பெற்றது.

சாளரங்களை மத்தீஸ் தூரிகையால் வரையவில்லை. உதவியாளர்கள் அடர்ந்த வண்ணம் பூசிக் கொடுத்த காகிதங்களை, கோடு எதுவும் முன்னரே இட்டுக்கொள்ளாமல், கத்தரியால் நேரே வெட்டி, அத்துண்டுகளைச் சுவரில் குத்தி, மனம் நிறையும்வரை இடம் மாற்றி மாற்றி வைத்தே அவற்றை உருவாக்கினார். முதலில் வகுத்தது பரலோக எருசலேம். அதையும், அதனை அடுத்து வகுத்த வெளிர்நீல அமைப்பையும் ஒதுக்கிவிட்டு, மூன்றாவதாக வகுத்ததே காட்சியாகமத்தில் கூறப்படும் ஜீவ விருட்சம். கண்ணாடியில் அதனை நிறைவேற்றியவர் பாரிஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் போல் பொனி.

சார்த்ர் முதலிய மத்தியகாலப் பேராலயங்களில் வேதாகம சரித்திரங்களையும் அர்ச்சியசிஷ்டர்களையும் கண்ணாடியே எடுத்துரைக்க, வான்ஸ் சாளரத்திலோ மனித உருவம் ஒன்றேனும் இல்லை. சப்பாத்திக்கள்ளியை நினைவூட்டும் இலையும் பூவுமே உள்ளன. மஞ்சள், பச்சை, நீலம் என வர்ணங்களும் மூன்றே. பச்சையும் நீலமும் தெளிந்த கண்ணாடியாதலின் அவற்றினூடே வெளியிலுள்ள செடிகொடிகளும் ஆகாயமும் தோன்றும். மஞ்சள் மட்டும் தேய்த்து மங்கலாக்கப்பட்டிருத்தலின் பார்வையை அப்பால் செல்லவிடாது உள்ளேயே நிறுத்திவிடும். அலங்காரத்துக்கு அப்பாற்பட்ட தியான சாதனமாக இச்சாளரத்தை உயர்த்துவது இந்நுட்பமே என்று துணிந்து கூறலாம். உருவங்களையெல்லாம் மத்தீஸ் எதிர்ச்சுவர்களுக்கு மாற்றினார்: தோமினிக் முனிவர், தேவமாதாவும் பாலனும், சிலுவைப்பாதை ஆகிய யாவும் வெள்ளை ஓடுகளின்மேல் கரிய கோடுகளால் மட்டும் வரையப்பட்டவை. அக்கோடுகளைப் பழகிக்கொள்ள, நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, பெரிய காகிதங்களில் திரும்பத் திரும்ப வரைந்தார். வர்ணமற்ற அவ்வோடுகளின்மேல் சாளரங்களின் ஒளி விழுந்து, சூரியன் நகர நகரத் தானும் நகர்ந்து செல்லும்போது, கோடும் வர்ணமும் ஒன்றுகூடுகின்றன. ஆயுள் முழுவதும் இவ்விரண்டையும் இணைப்பதற்கே உழைத்த ஓவியருக்கு, எழுபது வயது கடந்த பின் சூரியனே அவ்வேலையை முடித்துக் கொடுத்தது எனல் பொருந்தும்.

1951 ஜூன் 25-ஆம் தேதி நீஸ் மேற்றிராணியாரால் சிற்றாலயம் மந்திரிக்கப்பட்டபோது, உடல்நலிவால் மத்தீஸ் அங்கே செல்ல இயலவில்லை. குறைகள் இருப்பினும் இதுவே தம் தலையாய படைப்பு என்று மேற்றிராணியாருக்கு எழுதி அனுப்பினார். குருக்களின் பூசை உடைகளையும் அவரே வகுத்துத் தந்தார். கண்ணாடியின்மேல் கொண்ட பற்று அவரை இறுதிவரை விடவில்லை: அமெரிக்காவில் பொகான்டிகோ ஹில்ஸ் ஆலயத்துக்கென ஒரு வட்டச் சாளரத்தின் அமைப்பை வகுத்து முடித்த சில நாட்களுக்குள், 1954 நவம்பர் 3-ஆம் தேதி நீஸ் நகரில் காலமானார்.